பூட்டான் எந்த ஸ்டேட்டில் வருகிறது?

வேலூர் காந்தி ரோட்டுப் பக்கம் லாட்ஜ் என்றால், பெரிய ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள் தங்குகிற இடம் என்றுதான் அர்த்தம். போர்டில் தமிழுக்குப் பக்கத்திலேயே வங்காள எழுத்து இருக்கும். கீழே ஓட்டலில் கடுகெண்ணெய் காய்கிற வாசனை தெருமுனை வரைக்கும் வரும். அப்படி ஒரு லாட்ஜ் கவுண்டரில் நண்பனுக்காகக் காத்திருந்தபோது நடந்தது இது. ஒரு நடுவயதுக்காரரும், சக்கர நாற்காலியில் அவருடைய அம்மாவும் வந்தார்கள். கவுண்டர் பையன் ஆதார் கேட்டான். அவர் வேறு ஓர் அட்டையை நீட்டினார். பையன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். லெட்ஜரில் 'மாநிலம்' என்று அச்சடித்திருந்த கட்டத்தில் 'பூட்டான்' என்று எழுதிக்கொண்டே என்னிடம் கேட்டான்: "சார், இது அசாம் பக்கத்துல வர்ற ஸ்டேட்தானே?"

அவனைக் குறை சொல்ல மாட்டேன். அந்த நாட்டுக்காரர்கள் விசா இல்லாமல் இங்கே வருகிறார்கள். நாமும் அங்கே விசா இல்லாமல் போகலாம், பெர்மிட் இருந்தால் போதும். நம் ரூபாய் அங்கே கடையில் செல்லும். அவர்களுடைய காசான நுல்ட்ரம் ஒன்றுக்கு நம் ரூபாய் ஒன்று. இத்தனையும் தெரிந்தால் யாருக்கும் ஸ்டேட் என்றுதான் தோன்றும்.

எங்கள் பெரியப்பா இதற்கு நேர் எதிர். கம்மவான்பேட்டைக்காரர். வீட்டுக்கு ஒருவராவது ராணுவத்துக்குப் போன ஊர் என்பதால் அதை 'ராணுவப்பேட்டை' என்றே சொல்வார்கள். பூட்டான் மலையில் சில வருஷம் லாரி ஓட்டியவர். பூட்டான் தனி நாடு என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். ஆனால், "நம்ம மில்ட்ரி இல்லன்னா அந்த நாடே கிடையாதுடா" என்பார். டீக்கடையில் இதற்கு மறுபேச்சு வராது.

பையன் சொன்னதும் பெரியப்பா சொன்னதும் இரண்டுமே பாதிதான் சரி. மீதிப் பாதியைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. ஒரு சின்ன நாடு பெரிய நாட்டோடு அரசியலிலும் பாதுகாப்பிலும் சேர்ந்து நடப்பது என்றால் உள்ளே என்னதான் நடக்கிறது?

பொதுச்சுவர் வீடு

பழைய தெருக்களில் இரண்டு வீட்டுக்கு நடுவே ஒரே சுவர் இருக்குமே, அதை நினைத்துக்கொள்ளுங்கள். முன்னால் இருப்பது பெரிய வீடு, மாடி வைத்தது. ஒட்டினாற்போல் பின்னால் ஒரு சின்ன வீடு. சின்ன வீட்டுக்குப் பின்னால் மலை. மலையிலிருந்து திருடன் இறங்கினால் சின்ன வீட்டு மொட்டைமாடியில் கால் வைத்துத்தான் பெரிய வீட்டுக்குள் குதிக்க முடியும். எனவே பெரிய வீட்டுக்காரர் தன் செலவில் சின்ன வீட்டு மாடியில் ஒரு லைட்டு போட்டுத் தருகிறார். கரண்ட் பில்லும் அவரே கட்டுகிறார். தெருவில் இதைப் பார்ப்பவர்கள் 'என்ன தாராள மனசு' என்பார்கள். லைட்டு வெளிச்சம் முதலில் யார் வீட்டைக் காக்கிறது என்று அவருக்கும் தெரியும், சின்ன வீட்டுக்காரருக்கும் தெரியும்.

பூட்டானின் விலாசம் இதுதான். வடக்கே சீனாவின் திபெத். மற்ற மூன்று பக்கமும் இந்தியா: சிக்கிம், மேற்கு வங்கம், அசாம், அருணாசலம். பரப்பில் தமிழ்நாட்டில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. ஜனத்தொகை எட்டு லட்சத்துக்கும் குறைவு. ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிவதற்கு முந்தைய பழைய வேலூர் மாவட்டத்தில் மட்டும் 2011 கணக்குப்படி 39 லட்சம் பேர்.

மேற்கு ஓரத்தில்தான் சூட்சுமம் இருக்கிறது. சிக்கிமுக்கும் பூட்டானுக்கும் நடுவே திபெத்தின் சும்பி பள்ளத்தாக்கு கத்தி முனைபோலத் தெற்கு நோக்கி இறங்குகிறது. அந்த முனைக்குக் கீழே, கொஞ்ச தூரத்தில், சிலிகுரி. இந்தியாவின் மற்ற பகுதிகளையும் வடகிழக்கு மாநிலங்களையும் இணைக்கும் நிலப்பட்டை அங்கே மிகக் குறுகிய இடத்தில் சுமார் 22 கிலோமீட்டர்தான். இங்கிருந்து ஆற்காடு போகிற தூரம்கூடத் தேறாது. வடகிழக்குக்குப் போகிற ரயிலும் ரோடும் இந்தச் சந்துக்குள்தான் ஓடுகின்றன.

இரண்டு பெரிய சக்திகளுக்கு நடுவே நின்று அவை நேருக்கு நேர் முட்டாமல் இடம் கொடுக்கும் நாட்டை 'பஃபர்' நாடு என்பார்கள். பெரிய வீட்டுக்குச் சின்ன வீட்டின் மேல் அக்கறை வருவதற்கு முதல் காரணம் இதுதான். பாசம் அப்புறம்.

ஆற்காட்டில் நடந்தது

பெரிய ஆளிடம் காவல் கேட்டால் என்ன ஆகும் என்பதற்கு நம் மாவட்டத்திலேயே ஒரு பழைய பாடம் இருக்கிறது. ஆற்காட்டில் பாலாற்றங்கரையில் டெல்லி கேட் என்று ஒரு வாசல் மட்டும் மிஞ்சி நிற்கிறதே, அந்தக் கோட்டையின் நவாப்கள்தான் ஒரு காலத்தில் ஆங்கிலேயர் 'கர்னாடிக்' என்று அழைத்த இந்தப் பகுதி முழுவதையும் ஆண்டவர்கள்.

நவாப் முகமது அலி வாலாஜா பதவிப் போட்டியில் கிழக்கிந்தியக் கம்பெனியின் உதவியை நாடினார். 1751-ல் ராபர்ட் கிளைவ் ஆற்காட்டைப் பிடித்தது அந்தப் போட்டியில்தான். நவாப் ஜெயித்தார். ஆனால் கம்பெனிப் படைக்கான செலவு அவர் தலையில் விழுந்தது. பணம் போதாமல் மதராஸில் இருந்த கம்பெனி ஆட்களிடமே வட்டிக்கு வாங்கினார். கடனுக்கு ஈடாக ஊர் ஊராக வரி வசூலை எழுதிக்கொடுத்தார். அந்தக் கடன் விவகாரம் 1785-ல் லண்டன் பாராளுமன்றம் வரைக்கும் போய் நாறியது. கடைசியில் 1801-ல் ஓர் ஒப்பந்தம்: நிர்வாகமும் ராணுவமும் கம்பெனிக்கு, வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்கும் நவாப் என்ற பட்டமும் வாரிசுக்கு. துப்பாக்கிச் சத்தமே இல்லாமல் ஒரு ராஜ்யம் கைமாறியது.

இதையே மற்ற சமஸ்தானங்களுக்கும் பரப்பியபோது வைத்த பெயர்தான் பள்ளிப் புத்தகத்தில் வரும் 'துணைப்படைத் திட்டம்': உன் நாட்டில் என் படை நிற்கும், சம்பளம் நீ கொடு, வெளியுறவு என்னைக் கேட்டு நடத்து.

கண்டியின் கடைசி ராஜாவான ஸ்ரீ விக்ரம ராஜசிங்கனின் கதை கொஞ்சம் வேறு. 1815-ல் அவருடைய பிரதானிகளே ஆங்கிலேயரோடு ஒப்பந்தம் போட்டார்கள். ராஜா வேலூர்க் கோட்டைக்குக் கைதியாக வந்து 1832-ல் இங்கேயே இறந்தார். பாலாற்றோரம் முத்து மண்டபத்தில் இருப்பது அவர் சமாதிதான். நம்மூரில் இருப்பவர்களுக்கு 'நட்பு ஒப்பந்தம்' என்ற வார்த்தையைக் கேட்டதும் ஒரு சந்தேகம் வந்தால், அது நியாயமான சந்தேகம்.

ஆக, இதுபோன்ற உறவை எடைபோட வேண்டுமென்றால் ஒப்பந்தத்தின் தலைப்பைப் பார்த்துப் பயனில்லை. படைக்கு யார் செலவு செய்கிறார்கள், முடிவு யார் பெயரில் வெளியே வருகிறது, சின்னவர் 'மாட்டேன்' என்று சொல்ல முடிகிறதா என்று பார்க்க வேண்டும்.

ஒரு வரி, இரண்டு முறை எழுதியது

இனி பூட்டானுக்கு வருவோம். 1865-ல் ஆங்கிலேயரோடு நடந்த சண்டையில் தோற்று, அடிவாரத்து துவார் நிலங்களைப் பூட்டான் இழந்தது. பதிலுக்கு ஆண்டுக்கு 50,000 ரூபாய் வரை தருவதாக சின்சுலா ஒப்பந்தம். 1910-ல் புனாகா ஒப்பந்தத்தில் அது ஒரு லட்சம் ஆனது; கூடவே, வெளியுறவில் ஆங்கிலேயர் ஆலோசனைப்படி நடப்பதாக ஒரு வரியும் சேர்ந்தது.

ஆங்கிலேயர் போனபிறகு, 1949 ஆகஸ்ட் 8-ம் தேதி டார்ஜிலிங்கில் சுதந்திர இந்தியா புது ஒப்பந்தம் போட்டது. தொகை ஐந்து லட்சமானது. தேவாங்கிரி என்ற பகுதி பூட்டானுக்குத் திரும்பக் கிடைத்தது. உள்நாட்டு நிர்வாகத்தில் தலையிட மாட்டோம் என்று இந்தியா சொன்னது. ஆனால் அந்தப் பழைய வரி மட்டும் இரண்டாவது பிரிவில் அப்படியே உட்கார்ந்திருந்தது: வெளியுறவு விஷயங்களில் இந்திய அரசின் ஆலோசனையின்படி பூட்டான் நடந்துகொள்ளும்.

ஆலோசனை என்றால் என்ன? டாக்டர் சொல்வதும் ஆலோசனை, தாசில்தார் சொல்வதும் ஆலோசனை. முதலாவதைக் கேட்காமல் விடலாம். இரண்டாவதைக் கேட்காவிட்டால் பட்டா வராது. டெல்லியில் சிலர் அந்த வரியை இரண்டாவது விதமாகப் படித்தார்கள். பூட்டானின் தலைநகர் திம்பு எப்போதும் முதல் விதமாகத்தான் படித்தது.

படித்தது மட்டுமல்ல, நடந்தும் காட்டியது. மூன்றாவது மன்னர் ஜிக்மே டோர்ஜி வாங்சுக் அவசரப்படவில்லை. 1962-ல் பல நாடுகள் சேர்ந்த உதவி அமைப்பான கொழும்புத் திட்டத்தில் சேர்ந்தார்கள். 1969-ல் உலகத் தபால் ஒன்றியம். 1971-ல் ஐ.நா. சபை, அதற்கு இந்தியாவே துணை நின்றது. அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தத்தில் இந்தியா இன்றுவரை கையெழுத்துப் போடவில்லை, பூட்டான் 1985-லேயே சேர்ந்துவிட்டது. சண்டை போடாமல், வரியைக் கிழிக்காமல், அந்த வரிக்குள்ளேயே இடம் தேடி நகர்ந்த கெட்டிக்காரத்தனம் இது. எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த பகுதியும் இதுதான்.

2007 பிப்ரவரி 8-ம் தேதி டெல்லியில் அந்த வரி அதிகாரபூர்வமாகப் போனது. இந்தியா சார்பில் கையெழுத்திட்டவர் பிரணாப் முகர்ஜி. புதிய வாசகத்தின் சாரம்: இரு நாடுகளும் தம் தேச நலன் சார்ந்த விஷயங்களில் நெருங்கி ஒத்துழைக்கும், ஒருவர் மண்ணை மற்றவர் பாதுகாப்புக்கு எதிராகப் பயன்படுத்த யாரையும் அனுமதிக்க மாட்டோம். 'ஆலோசனை' என்ற சொல் காணாமல் போனது. முன்பெல்லாம் ஆயுதம் வாங்க இந்தியாவின் ஒப்புதல் வேண்டியிருந்தது. இப்போது பூட்டான் தானே வாங்கலாம், பூட்டானின் நோக்கம் நட்பானது, தனக்கு ஆபத்தில்லை என்று இந்தியா திருப்திப்படும்வரை. அந்தக் கடைசி நிபந்தனையைக் கவனியுங்கள். கயிறு தளர்ந்தது, அவிழவில்லை.

இங்கே இரண்டு சொற்களைப் பிரித்து வைத்துக்கொள்ளலாம். தன் நாட்டு விஷயத்தில் கடைசி வார்த்தை தன்னுடையதாக இருப்பது இறையாண்மை. பாதுகாப்பையும் வெளியுறவையும் ஒப்பந்தம் போட்டு இன்னொருவர் கையில் கொடுத்துவிட்ட நாடு, காப்பு நாடு. சிக்கிம் 1950 ஒப்பந்தப்படி இந்தியாவின் காப்பு நாடு. 1975-ல் மாநிலமே ஆகிவிட்டது. பூட்டான் இந்த இரண்டாவது சொல்லுக்குள் போய்விடாமல் பார்த்துக்கொண்டது. லாட்ஜ் பையன் சிக்கிமைப் பற்றிக் கேட்டிருந்தால் நான் 'ஆமாம்' என்று சொல்லியிருப்பேன்.

சண்டை வந்தால் இந்தியா வருமா?

பலரும் தவறாக நினைப்பது இதைத்தான். பூட்டானை யாராவது தாக்கினால் இந்தியா படையோடு வந்தே ஆக வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருப்பதாக நினைக்கிறார்கள். 1949-லும் இல்லை, 2007-லும் இல்லை. 'உன்னை அடித்தால் என்னை அடித்ததாக நினைப்பேன்' என்று எழுத்தில் கட்டிப்போட்டுக்கொள்வதுதான் ராணுவக் கூட்டணி. இந்தியாவும் பூட்டானும் அப்படிக் கட்டிப்போட்டுக்கொள்ளவில்லை.

பிறகு எதை நம்பி? வாய்ச்சொல்லும் வழக்கமும்தான். 1958-ல் நேரு, ரோடு இல்லாத காலத்தில், சிக்கிமிலிருந்து சும்பி பள்ளத்தாக்கு வழியாகக் குதிரையில் பூட்டானின் பாரோவுக்குப் போனார். நீங்கள் சுதந்திர நாடாகவே இருக்க வேண்டும் என்பதே எங்கள் விருப்பம் என்று அங்கே பேசினார். மறு வருஷமே திபெத்தில் எழுந்த கிளர்ச்சியைச் சீனா அடக்கியது, நிலைமை மாறியது. பூட்டான் எல்லையைக் காப்பது இந்தியாவின் பொறுப்பு என்று 1959-ல் நாடாளுமன்றத்தில் சொன்னார். எழுதாததற்கும் காரணம் உண்டு. எழுதினால் சீனாவைச் சீண்டியதாகும். பூட்டானுக்கும் தன்னைக் காப்பு நாடு என்று தானே ஒப்புக்கொண்டதுபோல ஆகும். மொய் நோட்டில் எழுதாத முறை சில சமயம் எழுதியதைவிடக் கனமானது.

மலையில் நம் ஆட்கள் என்ன செய்கிறார்கள்?

பெரியப்பா பார்த்தது இதைத்தான். 1961-ல் இந்தியாவின் எல்லைச் சாலைகள் அமைப்பு பூட்டானில் ரோடு போடும் 'டண்டக்' திட்டம் தொடங்கியது. அதற்குமுன் இந்திய எல்லையிலிருந்து திம்புவுக்கு நாள்கணக்கில் நடக்க வேண்டும், அல்லது கோவேறு கழுதை. எல்லை ஊரான ஃபுன்ட்ஷோலிங்கிலிருந்து மலையைக் குடைந்து போட்ட ரோடுதான் அந்த நாட்டை முதன்முதலாகத் தெற்கோடு கட்டியது. மழைக்காலத்தில் மண் சரிந்தால் லாரியை அப்படியே நிறுத்திவிட்டு, கீழே பள்ளத்தைப் பார்க்காமல், இன்ஜின் மேல் சப்பாத்தியைச் சூடு பண்ணித் தின்போம் என்பார் பெரியப்பா. கல் விழும் சத்தம் கேட்டால் மட்டும் யாரும் பேச மாட்டார்களாம்.

இன்னொன்று ஹா பள்ளத்தாக்கில் இருக்கும் இந்திய ராணுவப் பயிற்சிக் குழு. 'இம்ட்ராட்' என்பது அதன் சுருக்கப்பெயர். பூட்டான் ராணுவத்துக்குப் பயிற்சி கொடுப்பது அதன் வேலை. பூட்டானுக்கு விமானப்படை கிடையாது. அந்தத் தேவைக்கு இந்தியாவைத்தான் நம்பியிருக்கிறது. ஆற்காட்டோடு ஒப்பிட்டால் இங்கே பணம் எதிர்த்திசையில் ஓடுகிறது: ரோட்டுக்கும் பயிற்சிக்கும் செலவு இந்தியாவுடையது. பூட்டானின் 13-வது ஐந்தாண்டுத் திட்டத்துக்கு மட்டும் 10,000 கோடி ரூபாய் தருவதாக 2024-ல் இந்தியா சொன்னது.

"அப்போ சண்டை போடுறது நாமதானே?" என்று டீக்கடையில் கேட்பார்கள். 2003-ஐப் பாருங்கள். அசாமின் உல்ஃபா, போடோ அமைப்பு, கம்தாபுரி அமைப்பு என இந்திய அரசை எதிர்த்த ஆயுதக் குழுக்கள் தெற்குப் பூட்டான் காடுகளில் சுமார் 30 முகாம் போட்டு உட்கார்ந்திருந்தன. இந்தியா அழுத்தம் கொடுத்தபடியே இருந்தது. மன்னர் ஜிக்மே சிங்கே வாங்சுக் வருஷக்கணக்கில் அவர்களோடு பேசிப் பார்த்தார். பேச்சு பலிக்காமல் டிசம்பர் 15-ம் தேதி பூட்டான் ராணுவமே இறங்கியது, மன்னரே களத்தில் நின்றார். இந்திய ராணுவம் எல்லைக்கு இந்தப் பக்கம் வழியை அடைத்து நின்றது. முகாம்கள் போயின. 'என் மாடியில் ஒளிந்தவனை நானே இறக்குகிறேன், நீ தெருவில் நில்' என்பதுதான் இதன் பொருள்.

இதுவரை: கட்டாயப் படை ஒப்பந்தம் இல்லை. பயிற்சியும் பணமும் ரோடும் இந்தியாவுடையவை. தன் மண்ணில் துப்பாக்கியைத் தூக்குவது பூட்டான்.

அடுப்பில் கை வைத்த வருஷம்

இப்படியே எழுதிக்கொண்டு போனால் அரசு விளம்பரம்போல ஆகிவிடும். 2012-ல் பூட்டான் பிரதமர் ஜிக்மே தின்லே, பிரேசிலின் ரியோவில் ஒரு மாநாட்டுக்குப் போன இடத்தில் சீனப் பிரதமரைச் சந்தித்தார். டெல்லிக்கு அது ரசிக்கவில்லை. 2013 ஜூலையில், பூட்டானில் தேர்தல் நெருங்கிய நேரத்தில், சமையல் காஸுக்கும் மண்ணெண்ணெய்க்கும் இந்தியா கொடுத்துவந்த மானியம் நின்றது. திட்டக் காலம் முடிந்துவிட்டது, கணக்கு புதுப்பிக்கவில்லை என்பது சொல்லப்பட்ட காரணம். திம்புவில் அதை யார் நம்புவார்கள்? தேர்தலில் தின்லே கட்சி தோற்றது. மானியம் கொஞ்ச நாளில் திரும்ப வந்தது.

சிலிண்டர் விலை ஏறினால் நம் வீட்டில் என்ன பேச்சு நடக்கும் என்று தெரியும். பக்கத்து நாட்டுத் தேர்தல் நேரத்தில் அடுப்பில் கை வைப்பது என் பார்வையில் மட்டமான காரியம், கெட்டிக்காரத்தனமும் இல்லை. கரண்ட் பில் கட்டுபவர் கையில்தான் சுவிட்சும் இருக்கிறது என்று சின்ன வீட்டுக்காரருக்கு அன்றைக்கு உறைத்திருக்கும்.

டோக்லாம்

2017 ஜூன் 16. சிக்கிம், பூட்டான், திபெத் மூன்றும் கூடும் இடத்துக்கு அருகே டோக்லாம் மேட்டில் சீனப் படையினர் ரோடு போட வந்தார்கள். அது தன் நிலம் என்கிறது பூட்டான், தன் நிலம் என்கிறது சீனா. இந்தியா உரிமை கோரவே இல்லை. இரண்டு நாளில் இந்திய வீரர்கள் போய்க் குறுக்கே நின்றார்கள். 73 நாள். ஆகஸ்ட் 28-ல் விலகினார்கள்.

நம் டிவியில் அப்போது 'பூட்டானைக் காத்த இந்தியா' என்று ஓடியது. பூட்டான் ஜூன் 29-ல் வெளியிட்ட அறிக்கை அளந்து எழுதியது. 1988, 1998 ஆண்டுகளில் சீனாவோடு எழுத்தில் செய்துகொண்ட உடன்பாட்டுக்கு இந்த ரோடு எதிரானது, பழைய நிலை தொடர வேண்டும் என்றது. அத்தோடு சரி. இரண்டு யானைகள் நடுவே நிற்பவன் வாயை அடக்குவதும் ஒரு ஆயுதம்.

அந்தக் கதை இன்னும் முடியவில்லை. பூட்டானும் சீனாவும் 1984 முதல் எல்லை பேசுகின்றன. தூதரகம்கூட வைத்துக்கொள்ளாமலே பேசுகின்றன. 1990-களில் சீனா ஒரு மாற்றுக் கணக்குச் சொன்னது: வடக்கே 495 சதுர கிலோமீட்டரை விட்டுத் தருகிறோம், மேற்கே டோக்லாம் பக்கத்து 269 சதுர கிலோமீட்டரைக் கொடுங்கள். 2021-ல் பேச்சை வேகப்படுத்த மூன்று படிகள் கொண்ட உடன்பாட்டில் கையெழுத்துப் போட்டார்கள். பூட்டான் கணக்கில் பார்த்தால் கூடுதல் நிலம், தீராத தகராறுக்கு ஒரு முடிவு. இந்தியா கணக்கில் பார்த்தால் சிலிகுரிச் சந்துக்கு மேலே சீன ரோடு. மூன்று நாட்டு எல்லை கூடும் முனையைச் சம்பந்தப்பட்ட எல்லோரையும் கலந்துதான் முடிவு செய்ய வேண்டும் என்று 2012-ல் சீனாவோடு ஒப்புக்கொண்டதை இந்தியா காட்டுகிறது.

நம் பக்கம் மனை விற்றால் பத்திரத்தில் செக்குபந்தி எழுதுவார்கள்: வடக்கே இன்னார் மனை, தெற்கே இன்னார் மனை என்று. விற்பதற்கு முன் பக்கத்து மனைக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்பது மரியாதை. கேட்காமல் விற்றாலும் பத்திரம் செல்லும்.

இதைப் பெரியப்பாவிடம் சொன்னேன்.

"அது அவங்க மனைதானே பெரியப்பா? வித்தா நாம இன்னா பண்ண முடியும்?"

டீ கிளாஸைக் கீழே வைத்தார். "மனை அவங்களுதுதாண்டா. யாரு இல்லேன்னது? மாடில எரியுற லைட்டு நம்மள்தாச்சே."

"அவுத்து எடுத்துக்கலாமே."

"எடுத்துட்டா," என்றார், "நம்ம வூட்லதானே இருட்டு."